கோலத்தில் படுப்பவன்

எனக்கு நாய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நாய்ப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டு வருடம் என் வீட்டில் ஒரு நாய் இருந்தான். அவனை நான் மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை, கட்டிலில் ஏற விட்டதில்லை. சோறு போட்டேன், திட்டினேன். இரண்டையும் ஒரு நாள் தவறாமல் செய்தேன்.

அவனுக்குப் பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். கூப்பிட்டால் வராதவனை எதற்குக் கூப்பிடுவது?

பக்கத்துத் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வோம். அந்த வீட்டுக்காரர்கள் பிள்ளைகளோடு இருக்கப் பிரான்சுக்கே கிளம்பியபோது, நாலு மாதக் குட்டி ஒன்றை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்த மனிதர் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். செவலை நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். "வாடா" என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். "வியான்" என்று அதையே பிரெஞ்சில் சொன்னால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவான். அந்த வீட்டில் அப்படிப் பழக்கியிருந்தார்கள்.

"மில்லு வேலை போயி வூட்டுல குந்திகினு இருக்கிற மனுசனுக்குப் பிரெஞ்சு பேசற நாய் ஒண்ணுதான் கொறச்சலா இருந்துச்சா?" என்று கத்தினேன். மில்லை மூடி அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் "வியான்" என்றார். குட்டி அவர் பின்னால் பின்கட்டுக்குப் போய்விட்டது. நான் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். என் சோற்றைத் தின்கிறவன் என் பாஷையைக் கற்றுக்கொள்ளட்டும். கற்றுக்கொள்ள அவனுக்கு ஒரு வருடம் ஆனது.

எனக்கும் அவனுக்கும் சண்டை வாசலில்தான். காலையில் எழுந்ததும் வாசலைப் பெருக்கி, வாளித் தண்ணீரைத் தெளித்து, கோலம் போடுவேன். நான் போட்டு முடிக்கும்வரை படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். கடைசி இழையை இழுத்து நான் நிமிர வேண்டியதுதான், இறங்கி வருவான். நட்டநடுவில் நின்று மூன்று சுற்று சுற்றுவான். அப்படியே படுத்துவிடுவான். "எழுந்திர்றா சனியனே" என்று குவளைத் தண்ணீரை அவன் மேல் ஊற்றுவேன். துள்ளி எழுந்து எதிர்ப்பக்கம் ஓடி உடம்பை உதறுவான். நான் துடைப்பத்தை வைக்க உள்ளே திரும்பினால் போதும், திரும்ப வந்து அதே இடத்தில் படுத்திருப்பான். வேலைக்குக் கிளம்பி நான் வெளியே வரும்போது வயிறெல்லாம் கோலமாவோடு என்னைப் பார்த்து வாலை ஒரு தட்டுத் தட்டுவான். மார்கழியில் கலர் கோலம் போட்டால் ஊதா வயிறோடு தெருவெல்லாம் திரிவான்.

தெருவே சிரிக்கும். "இன்னாக்கா, போட்டுட்டியா? அவன் படுத்துட்டானா?" என்று எதிர் வீட்டுப் பெண் தினமும் கேட்பாள். அவள் புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கூத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கோலம் ஒரே ஒரு நாள் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம்வரைக்கும் அழியாம இருந்து நான் பார்க்கணும்டி, அது போதும் எனக்கு" என்பேன். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

போன வருடம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து, ஆபரேஷன் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான் சொன்னால் நடக்கிற ஆளா அவர்? நாய்தான் நடத்தினான். அவனை எங்கள் வீட்டில் பையன் என்றுதான் சொல்வோம். பீச் ரோட்டில் காலையில் வண்டிகளை விடுவதற்கு முன்னால், விடிகாலையிலேயே அவரை அங்கே இழுத்துக்கொண்டு போவான். அவர் மூச்சு வாங்கி நின்றால் அவனும் நிற்பான். உட்கார்ந்தால் காலடியில் உட்காருவான். ஆறு மாதத்தில் அந்த மனிதரின் முகத்தில் ரத்தம் ஏறியது. இதற்காகவாவது நான் அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முட்டை வாங்கிப் போட்டேன்.

இந்த வருடம் அவன் படுத்துவிட்டான். கிட்னி போய்விட்டது என்றார்கள். மாட்டாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வயசாகிவிட்டது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா அவனுக்கென்று தனியாகக் கட்டிக் கொண்டுவருகிற மீன் தலையைக்கூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமை நான் எழுந்ததே தாமதம். வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் எனக்குச் சமையல் வேலை. எட்டரைக்குள் அங்கே நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் பால் வாங்கப் போயிருந்தார். வெள்ளிக்கிழமையானதால் கோலத்துக்குச் செம்மண் கரையும் கட்டினேன். நிமிர்ந்து பார்த்தால், படியிலிருந்து ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிக்கொண்டிருந்தான். மூன்று நாளாக எழுந்திருக்காதவன், இன்றைக்குத்தானா வர வேண்டும்? சுற்றக்கூட முடியவில்லை அவனுக்கு. நடுவில் வந்து பொத்தென்று விழுந்தான். செம்மண்ணும் மாவும் ஒன்றாகக் கலந்துபோனது.

கத்தினேன். அசையவில்லை. குவளைத் தண்ணீரை ஊற்றினேன். அதற்கும் அசையவில்லை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, வாளியில் மிச்சம் இருந்த பாதித் தண்ணீரை அப்படியே அவன் மேல் கவிழ்த்தேன். பின்னங்கால் வழுக்க வழுக்க எழுந்தான். உடம்பை உதறவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தானா என்று கேட்டால் தெரியாது, நான் துடைப்பத்தை எடுக்கத் திரும்பிவிட்டேன். தெருவைக் கடந்து போய் எதிர் வீட்டு ஆட்டோவுக்கு அடியில் படுத்தான். கலைந்த இடத்தைத் திரும்பப் போட்டுவிட்டு நான் வேலைக்குப் போனேன்.

ஒன்பதரைக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். "வந்துடு" என்றார், அவ்வளவுதான். நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸை அப்படியே போட்டுவிட்டு ஷேர் டெம்போ பிடித்து வந்தேன். நடையில் அவருடைய பழைய வேட்டியின் மேல் அவனைக் கிடத்தியிருந்தார். ஆட்டோவுக்கு அடியிலிருந்து அவரே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வயிற்று முடியில் ஈரம் காயவில்லை. சேறு அப்பியிருந்தது.

"யாரோ தண்ணிய ஊத்தியிருக்காங்க" என்றார் அவர். "சாவப்போற உசுரு மேல தண்ணிய ஊத்த எந்தப் பாவிக்கு மனசு வந்துச்சோ." சொல்லிக்கொண்டே எதிர் வீட்டைப் பார்த்தார். அவர்கள் வாசல் கழுவுகிறதும் காலையில்தான். மூன்று நாளாகப் படுத்துக் கிடந்தவன் எழுந்து என் கோலத்துக்கு வந்திருப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் வாய்க்கு இந்தத் தெருவே பயப்படும். அன்றைக்குப் பார்த்து அது திறக்கவில்லை. வேட்டி முனையால் அவன் வயிற்றுச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பின்கட்டில் துவைக்கிற கல்லுக்கும் தென்னைக்கும் நடுவில் கொஞ்சம் மண் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் சிமெண்ட். அங்கேதான் புதைத்தோம். என் வீட்டுக்காரர் கடப்பாரையைத் தூக்கக் கூடாது. எதிர் வீட்டு ஆட்டோக்காரன் சவாரியை விட்டுவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு, குழி தோண்டினான். என் வீட்டுக்காரர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் வேர்க்க விறுவிறுக்க நின்று, "வர்றேன் மாமா" என்றபோதும் இவர் தலையை ஆட்டவில்லை. அப்போதும் நான் பேசவில்லை.

மறுநாள் காலையில் பழக்கத்தில் வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் குழாயை மூடினேன். வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன். வாசலைப் பெருக்கவில்லை, தெளிக்கவில்லை, கோலமும் போடவில்லை. விடிந்து வெகுநேரம் ஒரு வீட்டு வாசல் அப்படிக் கிடந்தால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் சாவு.

முதலில் பார்த்தவள் மீன்கார அம்மா. நெஞ்சு ஆபரேஷன் ஆன ஆள் உள்ளே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். கூடையைத் தெருவிலேயே இறக்கிவிட்டு, "அய்யோ அண்ணீ! என் அண்ணனை அனுப்பிட்டியா! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். பாதித் தெரு கதவைத் திறந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், வாயில் நுரையோடு, பனியனும் லுங்கியுமாக வெளியே வந்து நின்றார்.

"யண்ணே!" என்று அவள் பின்னால் இரண்டு அடி வைத்தாள். "உசுரோடதான் இருக்கியா? அப்புறம் இன்னாத்துக்குய்யா வாசல் இப்படிக் கெடக்குது?"

அவர் பிரஷ்ஷால் பின்கட்டைக் காட்டினார். நான்தான், "பையன் போயிட்டாம்மா" என்றேன். எந்தப் பையன் என்று அவள் கேட்கவில்லை. கூடையில் அவனுக்காகக் கட்டி வைத்திருந்த மீன் தலைப் பையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திரும்பவும் அழ ஆரம்பித்தாள். இந்த முறை மாரில் அடித்துக்கொள்ளவில்லை, சும்மா நின்று அழுதாள். "நாய்க்குப் போயா வாசலை விட்டுட்டா?" என்று தள்ளி நின்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. "ஏன், உன் வூட்டு வாசலையா விட்டா?" என்று அழுகைக்கு நடுவிலேயே அவள் திருப்பிக் கொடுத்தாள்.

அதோடு போகவில்லை. பத்து மணிக்கு என் வீட்டுக்காரரோடு மில்லில் வேலை பார்த்தவர்கள் மூன்று பேர் பெரிய ரோஜா மாலையோடு வந்து இறங்கினார்கள். யார் சொன்னார்களோ! செத்தவரே கதவைத் திறந்து, "வாங்கடா" என்றால் எப்படி இருக்கும்? ஒருவர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார், அந்த மாலை மறைகிற சைஸா? என் வீட்டுக்காரர் அதை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்து, "எனக்கா? நல்லாத்தான் வாங்கியிருக்கீங்க" என்றார். அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது எல்லோருக்கும். பிறகு பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த மாலையைப் புது மண்ணின் மேல் வைத்தார். மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

அவர்கள் காபி குடிக்கும்போது என் வீட்டுக்காரர், "இவ அவனைத் தினமும் திட்டுவா. ஆனா பாரு, அவனுக்குன்னு வாசல் தெளிக்காம வச்சிருக்கா" என்று பெருமையாகச் சொன்னார். அடுப்படியில் நின்றுகொண்டிருந்த எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்றாம் நாள் பால் ஊற்ற வேண்டும் என்றார். மனிதருக்குச் செய்கிற மாதிரி செய்வதா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கு ஏது? பால் பாக்கெட்டை வெட்டிச் செம்பில் ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். அந்த நேரத்தில் எதிர் வீட்டுப் பெண் வந்தாள். கையில் ஒரு பன். தினமும் தன் டீயில் பாதிப் பன்னை நனைத்து அவனுக்குப் போடுவாள். அதை வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் செம்போடு அப்படியே நின்றார். "சாவப்போறவன் மேல தண்ணிய ஊத்தித் தொரத்திட்டு, இப்ப பன்னு எடுத்துகினு வர்றியா?" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அவள் முகம் செத்துப்போனது. கையிலிருந்த பன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் ஊத்தினேன்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ இல்ல, நான்தான். கோலத்துல வந்து படுத்தான். எழுந்திரிக்க முடியாம கெடந்தவன் மேல பாதி வாளித் தண்ணிய ஊத்தினேன். அவன் எழுந்து போனான். நான் கோலத்தைச் சரி பண்ணிட்டு வேலைக்குப் போயிட்டேன். என் வாசல்ல சாவ வேண்டியவனை நான்தான் அடுத்தவங்க வாசலுக்குத் தொரத்தினேன்." சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக வராத அழுகை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

எதிர் வீட்டுப் பெண் வந்து என் பக்கத்தில் குந்தினாள். "தெரியும்க்கா" என்றாள் மெல்ல. "நான் வாசல் பெருக்கிகினு இருந்தேன். பார்த்தேன்."

பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, மூன்று நாளாக அந்த மனிதர் முறைத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். அவள் புருஷனும் வந்து குழி தோண்டிவிட்டுப் போயிருக்கிறான். என்னைவிட இருபது வயது சின்னவள். அவள் காலில் விழலாம் என்று எனக்குத் தோன்றியது.

என் வீட்டுக்காரர் பாலை ஊற்றினார். அவளிடமிருந்து பன்னை வாங்கி மண்ணின் மேல் வைத்தார். "மன்னிச்சுடும்மா" என்று அவளிடம் சொன்னார். என்னிடம் எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

அன்றும் மறுநாளும் அவர் என்னோடு பேசவில்லை. வைத்ததைத் தின்றார், மாத்திரை போட்டுக்கொண்டார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பீச் ரோட்டுக்கும் போகவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. முப்பது வருடமாக அந்த வீட்டில் கத்துகிறவள் நான், கேட்டுக்கொள்கிறவர் அவர். வேறு எப்படிச் சண்டை போடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வாசல் அப்படியே கிடந்தது. காய்ந்த சருகும் தெருப் புழுதியுமாக, ஆள் இல்லாத வீட்டு வாசல் மாதிரி.

அதற்கு அடுத்த நாள் காலையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்தேன். அவர் வாளியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆயுசில் வாசல் தெளித்தவரில்லை. தெளிக்கிறேன் என்று தன் லுங்கியை நனைத்து, படியை நனைத்து, நடுவில் குளமாகத் தேக்கி வைத்திருந்தார். பெருக்காமல் தெளித்ததால் சருகெல்லாம் மிதந்தது. கோலமாவு டப்பா படியில் இருந்தது.

"போடு" என்றார்.

"என்னால முடியாதுங்க."

அவர் வாளியைக் கீழே வைத்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. "பன்னெண்டு வருசமா தினமும்தான் ஊத்தின" என்றார். "தினமும் எதிர்ல ஓடிட்டுத் திரும்ப வந்து படுத்தான். அன்னிக்கும் வந்திருப்பான்டி. வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு அவனுக்கு."

நான் சருகைப் பொறுக்கிப் போட்டேன். தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளினேன். ஐந்து புள்ளி வைத்துச் சின்னதாக ஒரு கோலம் போட்டேன். இழைகள் நேராகவே வரவில்லை. முடித்ததும் பழக்கத்தில் படியைப் பார்த்தேன். அங்கே அவர்தான் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கோலத்தைச் சுற்றிக்கொண்டு பீச் ரோட்டுப் பக்கம் தனியாக நடந்து போனார்.

நான் வேலைக்குப் போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினேன். டெம்போவிலிருந்து இறங்கித் தெருவுக்குள் வரும்போதே தெரிந்தது. காலையில் எப்படிப் போட்டேனோ அப்படியே இருந்தது கோலம். ஐந்து புள்ளியும் வெள்ளையாக, ஒரு இழைகூடக் கலையாமல். தெருவில் போனவர்கள் எல்லாம் ஒதுங்கித்தான் போயிருக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் வாயாரக் கேட்டேனே, கிடைத்துவிட்டது.

எதிர் வீட்டுப் பெண் கதவைத் திறந்து வந்து நின்றாள். கோலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இன்றைக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. நான் பையைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வந்து படுத்துத் தொலையேன்டா, ஊத்த மாட்டேன்டா என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு, அவன் வந்த நாளிலிருந்து என் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லாத அந்த வார்த்தையைச் சத்தமாகவே சொன்னேன்.

"வியான்."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தெரு விளக்கு எரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோலம் அப்படியே இருந்தது.